குழாய் எடுத்த காலை

அறையில் டாக்டர் ஒகாம்போ, நர்ஸ் மாரிவிக், ஜீப்னி வண்டியில் ஆள் ஏற்றி ஓட்டும் ரோடெல், கட்டிலில் அவருடைய மகள் மாயுமி. வெள்ளத்தில் விளையாடி எலிக்காய்ச்சலில் விழுந்தவள். நுரையீரலில் கொட்டிய ரத்தத்தை எதிர்த்து, இதுவரை வென்டிலேட்டர்தான் அவளுக்காக மூச்சு விட்டது. இன்று குழாய் வழியே உறிஞ்சியதில் ரத்தம் இல்லை, வெறும் சளி. டாக்டர் தொண்டைக் குழாயை உருவுகிறார். மாயுமி இருமுகிறாள். வெயில் விழுந்த போர்வை அசையாமல் கிடக்கிறது; பிறகு ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடியும் ஏறுகிறது. ரோடெல் அழுதுகொண்டே, தினமும் அவள் காதில் பாடிய கரோக்கே பாட்டைத் தொடங்குகிறார். சகிக்கவில்லை. மாயுமியின் உதடு அசைகிறது. "அப்பா... பாடாதப்பா. வாயில குழாய் இருந்துச்சு, சொல்ல முடியல." "கேட்டுச்சா அண்ணே? கெளம்புங்க!" மாரிவிக் சிரித்தபடி அவரை வெளியே தள்ளுகிறாள். இன்னும் உரக்கப் பாடிக்கொண்டு போகிறவரின் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டுகிறாள்.