ஆளுக்கொரு மொழி

டிவித் திரையில் அம்மாவின் பாதியில் என் மனைவியின் மொழி ஓடிக்கொண்டிருந்தது. மனைவியின் பாதியில் தமிழ்.

கன்ட்ரோலர்களை இருவர் கையிலும் கொடுத்துவிட்டு டீ போடப் போனவன், டம்ளரோடு கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். என் ஒன்றரை வருட வேலை. இன்று மாலை ஆறு மணிக்கு வெளியாகி ஊர் உலகமெல்லாம் விளையாடப் போகிற விளையாட்டு.

விளையாட்டு ஒன்றும் பிரமாதமில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வீட்டைக் காலி செய்ய வேண்டும். கட்டில், பீரோ, மீன்தொட்டி என்று ஒவ்வொன்றாக மாடியிலிருந்து இறக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். எப்போது திரும்புவது, எங்கே குனிவது என்பதெல்லாம் அவரவர் பாதித் திரையில் எழுத்தில் வரும்.

முன்பெல்லாம் மொத்த விளையாட்டுக்கும் ஒரே மொழிதான். அதை மாற்ற அமைப்புகளுக்குள் போய், அதற்குள் ஒன்றைத் திறந்து, அதற்குள்ளும் ஒன்றைத் திறக்க வேண்டும். கை தவறித் தெரியாத மொழியைத் தொட்டுவிட்டால் அவ்வளவுதான், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி.

நான்தான் அலுவலகத்தில் சண்டை போட்டு மாற்றினேன். முதல் திரையிலேயே எல்லா மொழிகளும், ஒவ்வொன்றும் அதனதன் எழுத்தில். ஆளுக்கு ஒன்றை அழுத்தினால் ஆளுக்கொரு மொழி.

விளையாடுகிறவர்களின் வசதிக்கு என்று அங்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் இந்த இரண்டு பேருக்காகத்தான்.

கல்யாணமாகி ஏழு மாதம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும் தெரியும். மனைவிக்கு மூன்று மொழி தெரியும், தமிழ் மட்டும் தெரியாது. அவளும் நானும் அந்த மூன்றில் ஒன்றில்தான் பேசிக்கொள்வோம்.

உப்பு போதுமா என்று கேட்கக்கூட நடுவில் நான் வேண்டும். நான் குளிக்கப் போனால் இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். நான் வருவதற்குள் இருவருக்கும் கன்னம் வலித்திருக்கும்.

நான் இல்லாமல் அவர்கள் ஒரு மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அதிலா மண் விழ வேண்டும்?

டீயைக் கீழே வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். இடது பாதியையும் வலது பாதியையும் நிரலில் எங்கேயோ மாற்றி எழுதித் தொலைத்திருக்கிறேன். வரி வரியாகப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அதற்குள் பீரோ மாடிப்படியில் உருண்டது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. போய் விளையாட்டை நிறுத்தி முதல் திரைக்குக் கொண்டுவந்தேன். இன்னொரு தடவை மொழியை அழுத்துங்கள் என்று இரண்டு மொழியிலும் சொன்னேன். டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அவர்களுடைய கட்டைவிரல்களையே பார்த்தேன்.

அம்மாவின் பக்கத்தில் தமிழ்தான் முதலில் மின்னியது. அவள் அழுத்தவில்லை. ஒன்று கீழே இறங்கினாள். இன்னும் இரண்டு இறங்கினாள். ஒரு எழுத்துகூடத் தெரியாத மருமகளின் மொழியில் போய் நின்று, நிதானமாக அழுத்தினாள்.

அவளுக்குப் பக்கத்தில் என் மனைவி தன் மொழியை விட்டுவிட்டுத் தமிழை அழுத்தினாள்.

"தமிழ்தான் எனக்குத் தெரியுமேடா, அதுல புதுசா என்ன இருக்கு?" என்றாள் அம்மா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மீன்தொட்டி புறப்பட்டது. அம்மாவின் பக்கத்தில் வந்ததை மனைவி படித்துக் கையால் ஜாடை காட்டினாள். மனைவியின் பக்கத்தில் வந்ததை அம்மா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாள். மருமகளின் மொழியில் அம்மா எதையோ திருப்பிச் சொன்னாள். உச்சரிப்பு கோணல்மாணல். ஆனாலும் மீன்தொட்டி சரியான பக்கம் திரும்பியது.

என்னை யாரும் எதையும் கேட்கவில்லை. சந்தோஷத்தில் எழுந்திருக்கத் தோன்றாமல் அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் மனைவி என்னிடம் முதன்முதலாகத் தமிழில் பேசினாள்.

"டேய், தள்ளுடா. மறைக்குது."

அந்த வீட்டில் என்னோடு அப்படிப் பேசுகிற ஒரே ஆள் அம்மா. அம்மாவிடமிருந்து கற்ற தமிழ் வேறு எப்படி இருக்கும்? ஏழு மாதமாக மனைவி எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அம்மா அவளைத் திருத்தவில்லை.

நான் தள்ளி உட்கார்ந்தேன்.