பூட்டிய லேப்டாப்

"பூட்டை உடைச்சுட்டுப் பேசாம நின்னா, விட்டுருவோமா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் மாலை வகுப்புக்குள் நுழைந்தார் கோகுல்நாத். சேந்தமங்கலத்து அறக்கட்டளையின் அதிகாரி. மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுப் பிள்ளைகள் படிப்பதற்கு லேப்டாப் கொடுத்த அறக்கட்டளை அது.

தன் வீட்டிலேயே வகுப்பு நடத்தும் அருள்மொழி எழுந்து நின்றாள். "உக்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை. லேப்டாப்பில் வயர் போட்டு மாட்டியிருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைக் காட்டினார். "இது என்னம்மா?"

"டிஸ்க் டிரைவுங்க. லேப்டாப்புல டிஸ்க் போட இடமில்லீங்களே. இங்க டவரும் எடுக்காது. பாடத்தையெல்லாம் டிஸ்க்குல வாங்கிட்டு வந்து, இதுல போட்டுக் காட்டறேனுங்க."

"நாங்க குடுத்தது பூட்டின லேப்டாப். நாங்க அனுமதிச்ச ஆப்பைத் தவிர எதுவும் அதுல ஓடாது. டிஸ்க் ஓடுதுன்னா நீ பூட்டை உடைச்சிருக்கே. உடைச்சா திருப்பி எடுத்துக்குவோம்னு சொல்லித்தானே குடுத்தோம்? மூடிக் குடு."

பிள்ளைகள் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். லேப்டாப் போனால் மாலை வகுப்பும் போச்சு.

அருள்மொழி வாய் திறப்பதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

"எதுக்கு மூடணும்?"

அவள் தங்கை ராதிகா. சேலத்தில் எம்.ஏ. படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தாள். வாதம் என்று வந்துவிட்டால் தட்டில் போட்ட சோற்றைக்கூட அப்படியே விட்டுவிட்டு வருகிறவள்.

"டிஸ்க்குல இருக்கறதைப் படிக்கிறது வேற, டிஸ்க்குல இருக்கற புரோகிராமை ஓட்டறது வேற. உங்க பூட்டு புரோகிராமைத்தான் தடுக்கும். அக்கா போடறது வெறும் படமும் பேச்சும். அதை லேப்டாப்புலயே இருக்கற ஆப் காட்டும். இதுல உடைக்க என்ன இருக்கு?"

"சட்டம் பேசாதேம்மா."

"பேசுவேன். அடிவாரச் செக்போஸ்ட்டுல கள்ளச் சரக்கைத்தானே நிறுத்துவாங்க? மிளகு மூட்டை கீழ போய்ச் சேர்ந்துச்சுன்னா, செக்போஸ்ட்டையே உடைச்சுட்டோம்னு அர்த்தமா?"

சத்தம் கேட்டு வாசலில் ஊரே கூடிவிட்டது. "மிளகு மூட்டையையும் ஒருக்கா மோந்து பார்த்துட்டுத்தான் விடுவாங்க கண்ணு" என்றார் கூட்டத்தில் நின்ற பெரியவர் அர்த்தனாரி. சிரிப்பு எழுந்தது.

கோகுல்நாத்தின் முகம் சிவந்தது. "மலைப் பிள்ளைங்களுக்குப் பூட்டாம குடுத்தா கண்டதையும் போட்டுக் கெடுத்துக்குவீங்க. அதுக்குத்தான் பூட்டு."

"மலைப் பிள்ளைங்கன்னா?" ராதிகா இரண்டடி முன்னால் வந்தாள். "சார், உங்ககிட்ட புரோகிராம் டிஸ்க் ஏதாச்சும் இருக்குதா? போடுங்க. ஓடிச்சுன்னா லேப்டாப்பை நானே சுமந்துட்டு வந்து ஜீப்புல வெக்கறேன். ஓடலைன்னா?"

ஊர் முழுக்க அவரையே பார்த்தது. தோள்பையைத் துழாவி ஒரு டிஸ்க்கை எடுத்தார். அருள்மொழி அதை வாங்கி, மேலே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு டிரைவில் போட்டாள்.

டிஸ்க் உள்ளே சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளைகள் எக்கி எக்கித் திரையைப் பார்த்தார்கள்.

திரையில் ஒரு கட்டம் வந்தது. முன் வரிசையில் இருந்த சின்னப்பெண் எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "இந்த லேப்டாப்பில் இதை இயக்க அனுமதி இல்லை."

கோகுல்நாத் இன்னொரு முறை தட்டினார். அதே கட்டம்.

பிள்ளைகள் போட்ட கூச்சல் அடுத்த ஊர் வரை கேட்டிருக்கும்.

"சரி சரி." டிஸ்க்கைப் பிடுங்கிப் பைக்குள் போட்டார் கோகுல்நாத். "இந்தத் தடவை விடறேன்."

"விடறதுக்கு நாங்க என்ன தப்புப் பண்ணினோம்? எங்கக்காவைத் திருடி மாதிரி பேசினீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்மா. எனக்கு ஆபீஸுல குடுத்ததும் இதே லேப்டாப்புதான், இதே பூட்டுதான். நான் உடைச்சேனா? அந்த ஒழுக்கம் தானா வரணும்." ஊரைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே நடந்தார்.

ராதிகா பதிலுக்கு வாயைத் திறந்தாள். அருள்மொழி அவள் கையை அழுத்தினாள். பிறகு மூலையில் இருந்த அன்னாசிப் பழம் ஒன்றை எடுத்துக்கொண்டு, "சார், இருங்க, வாரேன்" என்று அவர் பின்னாலேயே போனாள்.

ராதிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'ஊரைக் கூட்டி அவமானப்படுத்தினவருக்கு அன்னாசிப் பழமா! இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு போறதாலதான் எல்லாரும் ஏறி மிதிக்கறாங்க.'

இரண்டு பேரிடமும் நன்றாகக் கேட்டுவிடலாம் என்று விறுவிறுவென்று ஜீப்பை நோக்கி நடந்தாள்.

பழத்தை வாங்கிக்கொண்டு கோகுல்நாத் பெரிய மனுஷனாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். "உன் தங்கச்சிக்கு வாய் ஜாஸ்தி. நீதான் மரியாதை தெரிஞ்ச பொண்ணு."

"ஊட்டைத் தேடி வந்தவங்களை ஊர் முன்னால தலைகுனிய வெக்கக் கூடாதுன்னு பேசாம இருந்தேனுங்க சார்" என்றாள் அருள்மொழி, அவர் கண்ணை நேராகப் பார்த்து. "இப்ப போட்டீங்களே, அது கிரிக்கெட் விளையாட்டுங்க. போன மாசம் சேந்தமங்கலத்துப் பயிற்சியில, டீ நேரத்துல, இதே மாதிரி டிரைவை மாட்டி, உங்க லேப்டாப்புல நல்லா ஓடுச்சுங்களே!"