சிவப்பில் நின்ற முள்

ஐந்து மணி நேரமாகக் காரில் ஹீட்டர் முழு வேகத்தில் வீசிக்கொண்டிருந்தது. வெளியே நாற்பத்தாறு டிகிரி.

“வெந்து சாகறேன் மோரீன். அதை அணைச்சிட்டு ஏசியைப் போடேன்!” என்றான் கெல்வின்.

“எஞ்சின் சூட்டைக் காட்டுற முள் சிவப்புல நிக்குது பாரு. ஹீட்டர் போட்டாத்தான் எஞ்சின் சூடு இறங்கும். நீ சொல்லிக்கொடுத்ததுதானே?” சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“அப்போ வண்டியைத் திருப்பு. எஞ்சின் போச்சுன்னா கங்காருதான் வந்து தள்ளணும்.”

இந்தக் கோடையில் மூன்று முறை போர்ட் அகஸ்டா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மூன்று முறையும் முள் ஏறிவிட்டதென்று கெல்வின் பாதியில் திரும்பிவிட்டான். மோரீனின் அம்மா வாசலையே பார்த்தபடி படுத்திருந்தாளாம். இன்று அவளுக்கு அடக்கம். இன்றுதான் முதல்முறையாக மோரீன் ஓட்டுகிறாள்.

“உயிரோட இருந்தப்பவே உங்கம்மாவுக்கும் எனக்கும் ஆகாது. இப்போ நான் எதுக்கு? திருப்பு.”

அவள் திருப்பவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தியபோது இருவர் உடையும் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது.

“அதிசயம்தான்! இந்தச் சூட்டை எஞ்சின் எப்படித் தாங்குச்சு?”

“எஞ்சின் சூடாகவே இல்ல கெல்வின். காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, சாவியைத் திருப்பினதுமே முள் சிவப்புக்குப் போயிடுச்சு. டேஷ்போர்டுக்கு அடியில குனிஞ்சு பார்த்தேன். முள்ளுக்குப் போற ஒயரை நீ மாத்திக் கட்டியிருந்தது தெரிஞ்சுது.”