இடது கன்னத்து மச்சம்

“யாரப்பா இவளு? எல்லித்தாளெ? இந்தப் பொண்ணு எங்க இருக்கா?”

கன்னடமும் தமிழும் கலந்து வந்த குரலைக் கேட்டுச் சென்னகிருஷ்ணன் திரும்பினான். அவனுடைய படத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். தலையில் முண்டாசு, இடுப்பில் செருகிய சின்ன அரிவாள்.

பெங்களூர் லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் மாணவர்களின் படங்களுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். மதராஸில் ஓவியம் படிக்கும் சென்னகிருஷ்ணன், மரக்கட்டையில் செதுக்கி அச்செடுத்த ஒரு பெண்ணின் முகத்தை அங்கே மாட்டியிருந்தான். காலையிலிருந்து ஜனங்கள் ரோஜாவையும் டேலியாவையும் பார்த்துவிட்டுப் படங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். நின்று பார்த்த முதல் ஆள் இவர்தான்.

“நல்லா இருக்குதுங்களா?” என்றான் ஆசையாக.

“அப்படியே அவதான். ஆனா மச்சம் இந்தக் கன்னத்துல இருக்குதே! இடது கன்னத்துல இல்ல இருக்கணும்?”

“அதுவா? போட்டோவைப் பார்த்துக் கட்டையில செதுக்கினதுங்க பெரியவரே. மை தடவிக் காகிதத்துல அழுத்தும்போது இடது வலதா மாறிடும். அத யோசிச்சு மாத்திச் செதுக்கியிருக்கணும், மறந்துட்டேன். வாத்தியார்கூடத் திட்டினாரு. நெஜத்துல இடது கன்னந்தான்.”

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அது இவருக்கு எப்படித் தெரியும்?

படத்தில் இருந்தவள் சரசம்மா. வேப்பனப்பள்ளியில் அவன் மாமாவின் மாந்தோப்பில், புருஷன் மதுரைவீரனோடும் கைக்குழந்தையோடும் காவல் குடிசையில் இருப்பவள். மைசூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வேறு ஜாதிக்காரனைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டி வந்தவள். ‘இவ அண்ணனுங்க கண்ணுல பட்டா ரெண்டு பேரையும் வெட்டிடுவாங்க தம்பி’ என்று மதுரைவீரன் அவனிடம் சொல்லியிருக்கிறான்.

போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து, ஒவ்வொரு லீவுக்கும் பள்ளிக்கூடத்துக் கேமராவை இரவல் வாங்கி வந்து அவளிடம் கெஞ்சுவான். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிடுவாள். போன லீவில் ஒரு நாள் அவளே தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து, “எடுங்க தம்பி” என்று உட்கார்ந்தாள். தன் பொறுமை பலித்துவிட்டது என்று அவன் பூரித்துப்போனான். ஒளிந்து வாழ்கிறவளின் முகத்தை ஊர் பார்க்க மாட்டலாமா என்ற எண்ணம் அன்றைக்கு அவனுக்கு வரவேயில்லை.

“நீங்க யாருங்க?” என்றான்.

பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். “தெரிஞ்ச பொண்ணு மாதிரி இருக்குது. ஊர் பேர மட்டும் சொல்லப்பா. ஒரு தடவ பாக்கணும்.”

சென்னகிருஷ்ணனின் கண் அந்த அரிவாளுக்குப் போனது. அண்ணன்மார் அனுப்பிய ஆளாக இருக்குமோ? தெரியாது என்றால் இவர் விடப்போவதில்லை. ஊர் ஊராகத் தேடுவார். தேடுகிற வேலையே இல்லாமல் செய்துவிட வேண்டும்.

“அவங்க இப்ப இல்லீங்க. போட்டோ எடுத்த கொஞ்ச நாள்ல காலரா வந்து போயிட்டாங்க.”

பெரியவர் அசையவில்லை. கண் படத்திலேயே இருந்தது.

“கொழந்த கிழந்த ஏதாச்சும்...?”

குழந்தையைக்கூட விடமாட்டார்கள் போலிருக்கிறதே!

“ஒண்ணும் இல்லீங்க.”

அவர் மெல்லத் திரும்பினார். கூட்டத்துக்குள் நடந்து மறைந்தார்.

சென்னகிருஷ்ணன் உடனே படத்தைக் கழற்றிச் சுருட்டினான். மத்தியானம் பரிசுக்குப் படம் தேர்ந்தெடுக்க நடுவர்கள் வருவார்கள். பரிசு போனால் போகட்டும். என் படிப்புப் பெருமைக்காக ஒரு குடும்பத்தையே காவு கொடுக்கப் பார்த்தேனே என்று பஸ்ஸில் ஓசூர் வரைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தான். கிருஷ்ணகிரி பஸ் போய்விட்டிருந்ததால் அங்கே ராத்தங்கி, மறுநாள் கிருஷ்ணகிரி போய், வேறு பஸ் பிடித்து வேப்பனப்பள்ளியில் இறங்கினான்.

சரசம்மா தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். மாங்கிளையில் கட்டிய தூளியில் குழந்தை தூங்கியது. அவனைக் கண்டதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“படத்த யாராச்சும் பாத்தாங்களா தம்பி?”

“பாத்தாங்க அக்கா. என்னை மன்னிச்சிடுங்க. உங்க மொகத்த நான் அங்க மாட்டியிருக்கவே கூடாது. ஒருத்தரு வந்து துருவித் துருவிக் கேட்டாரு.”

“எப்படி இருந்தாரு?”

“வயசானவரு, முண்டாசு கட்டியிருந்தாரு. மச்சம் எந்தப் பக்கம்னு கூட அவருக்குத் தெரிஞ்சிருக்குது. ஆனா பயப்படாதீங்க, இனிமே உங்களத் தேடி யாரும் வரமாட்டாங்க. நீங்க காலராவுல செத்துட்டீங்கன்னு சொல்லிட்டேன். நம்பிட்டாரு.”

அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று காத்திருந்தான். அவள் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

“கொழந்தையப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?”

“கேட்டாரு. இல்லேன்னுட்டேன். ஏன் அக்கா? என்ன ஆச்சு?”

சரசம்மா தூளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணனுங்க பூ பாக்கவெல்லாம் வரமாட்டாங்க தம்பி. எங்கப்பாதான் வருஷா வருஷம் செவந்திப்பூ எடுத்துக்கிட்டு லால்பாக்குக்கு வருவாரு. வீட்டுக்குச் சேதி சொல்லி அனுப்பினா அண்ணனுங்க காதுக்குப் போயிடும். நீங்க அங்க படத்த மாட்டப் போறேன்னு சொன்னதுக்கப்புறந்தான் நானா வந்து உக்காந்தேன், பொண்ணு உசுரோடதான் இருக்கான்னு அவரு ஒருத்தராச்சும் தெரிஞ்சுக்கட்டும்னு.”