கார் பிறந்த வருஷத்து வயர்

"ஏழு வயர். வெறும் ஏழு வயர். அதுக்கு ஒன்றரை வருஷமா ஒரு வயசான மனுஷனை அலைய விடுறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவள் கேட்ட கேள்வி இது. வணக்கம்கூட இல்லை.

வயர்க்காரர் நூல் கண்டை மெஷினில் மாட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்க்காரரின் பொண்ணா என்று விசாரித்தார்.

ஆமாம், பொண்ணுதான். வேறு ஊரில் வேலை. ஆபீஸ் மீட்டிங்குக்காக இன்று இங்கே வந்திருந்தாள், சாயந்தரம் ரயிலேற வேண்டும். அப்பாவை வீட்டில் போய்ப் பார்க்க நேரமில்லை. சண்டை போட மட்டும் எப்படியோ நேரம் கிடைத்துவிட்டது.

கார், அப்பா வாலிபத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததை, ரிட்டயரானதும் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி மறுபடி பூட்டினார். இஞ்சின் ஆயிற்று, பெயிண்ட் ஆயிற்று, சீட்டுக்குத் தோல்கூடத் தைத்தாயிற்று. பாக்கி இருந்தது இஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயர்கள் மட்டும்.

கடையில் விற்கிற புது வயரைப் போட்டாலும் வண்டி ஓடும். அப்பா ஒப்பவில்லை. கார் எந்த வருஷம் பிறந்ததோ அந்த வருஷத்து வயர் மாதிரியே வேண்டும் என்றார். ரப்பர்மேல் பருத்தி நூல் பின்னல், பழுப்பில் மஞ்சள் கோடு, மேலே வார்னிஷ், வருஷத்தைச் சொல்லும் சின்ன வெள்ளை எழுத்து. பழைய சாம்பிளைப் பார்த்து அதை அச்சு அசலாகச் செய்துகொடுப்பதுதான் வயர்க்காரரின் தொழில்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அப்பாகிட்ட ஃபோன்ல கேக்குறேன். ஒரு வாரம் நூல்ல சாயம் சரியா ஏறலங்கிறார். இன்னொரு வாரம் வார்னிஷ் காயலங்கிறார். போன வாரம் எழுத்து ஒரு மயிரிழை தடிச்சுப் போச்சாம். அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருக்கு சார். ஓட்ட முடியும்போதே ஒரு தடவையாவது அவர் அதை ஓட்டிடணும்னு எனக்கு அடிச்சுக்குது."

சாம்பிளைக் கொடுங்கள், வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினாள்.

வயர்க்காரர் மென்று விழுங்கினார். நூல் என்று ஆரம்பித்து, வார்னிஷ் என்று மாற்றினார். அந்த முகத்துக்குப் பொய் கொஞ்சமும் பொருந்தவில்லை. கடைசியில் மேஜை டிராயரை இழுத்து, ஒரு நீளமான பெட்டியை எடுத்து அவள்முன் வைத்தார்.

உள்ளே ஏழு வயர்கள், கூடவே அப்பா கொடுத்த பழைய சாம்பிள்.

சாம்பிளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வாராவாரம் ஃபோனில் கேட்டுக் கேட்டே அவளும் பாதி நிபுணி ஆகியிருந்தாள். பின்னல், சாயம், எழுத்து, எதிலும் குறை சொல்ல முடியவில்லை.

"இது எப்ப முடிஞ்சது?"

"போன வருஷமே முடிஞ்சிடுச்சும்மா."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. செய்து வைத்துக்கொண்டா இழுத்தடித்தீர்கள், எங்கப்பா உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினார் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டாள். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது வயர்க்காரர் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். சொல்ல மாட்டேன் என்று உங்கப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், இனி அதைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது என்று அலுத்துக்கொண்டார்.

பெட்டியை முதலில் திறந்து காட்டிய அன்று அப்பா சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாராம். வயரை எடுத்து மோந்துகூடப் பார்த்தாராம். அப்புறம் என்ன நினைத்தாரோ, மூடி இவரிடமே கொடுத்துவிட்டு, யார் கேட்டாலும் இன்னும் ஆகவில்லை என்றே சொல்லுங்கள் என்றாராம். அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் கடைக்கு வருகிறார். போன வாரம் எழுத்தைச் சொல்லியாயிற்று, நாளைக்கு எதைச் சொல்வது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

"எதுக்கு?" அவளுக்குப் புரியவில்லை.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அவங்கம்மா இருந்த வரைக்கும் அம்மாகிட்டதான் பேசுவா. அம்மா போனப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் பேசிக்க ஒண்ணுமே இல்ல. ஒரு நாள் கார் என்னாச்சுப்பான்னு கேட்டா. அன்னைக்கு ரொம்ப நேரம் பேசினோம். வயர் வந்துட்டா கார் முடிஞ்சிடுமே, அப்புறம் எம்பொண்ணு எதுக்கு ஃபோன் பண்ணுவா'ன்னார்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

காரைப் பற்றிப் பேசி முடித்ததும், சரிப்பா வெச்சிடுறேன் என்று சொல்வது வழக்கம். அந்தப் பக்கம் சில நொடி சத்தமே இருக்காது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் அவள் வைத்திருக்கிறாள். இப்போது உடனே அப்பாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அடக்க முடியாத அளவுக்கு.

பெட்டியை மூடி வயர்க்காரரிடம் கொடுத்தாள். ஃபோனை எடுத்து அப்பாவின் நம்பரை அழுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் மகளிடமிருந்து அழைப்பு என்றதும் அப்பா பதறிப்போய், உடம்பு கிடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கேன்ப்பா. வயர் கடையிலதான் இருக்கேன். இன்னும் ஆகலையாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆகுற வரைக்கும் நான் நம்ம வீட்டுலதான் இருக்கப்போறேன்."