எட்டு பத்து பஸ்

“நகரு! நகருன்னு சொல்றேன்ல! இல்லேன்னா ஏத்திட்டுப் போயிட்டே இருப்பேன்!”

டிரைவர் அய்யாசாமி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினார்.

மைசூர் ரிங் ரோட்டில், துணிக் கம்பெனி கேட்டை ஒட்டி, காலை எட்டு பத்து பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் இருபது பெண்கள் கைகோத்து நின்றார்கள். நடுவில் ராணி. அந்தக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருப்பவள்.

“ஏத்துங்க அண்ணா. தாரணி மேல லாரி ஏறிச்சு. எங்க மேல பஸ் ஏறட்டும்.”

அந்த கேட்டில் எந்த பஸ்ஸும் நிற்காது. ஸ்டாப் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே இறங்கி, நடைபாதை இல்லாத ரோட்டோரமாகத் திரும்பி நடக்க வேண்டும். லாரிகள் தோளை உரசிக்கொண்டு போகும். மூன்று வாரத்துக்கு முன் அப்படி நடந்து வந்த தாரணியை ஒரு லாரி அடித்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பெண்கள் மூன்று மனு கொடுத்தார்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

பஸ் உறுமியது. ஓரடி முன்னால் வந்தது.

“ஐயோ அக்கா!” ராணியின் கையைக் கோத்து நின்ற மனிஷா அலறினாள். பம்பர் ராணியின் புடவைக் கொசுவத்தில் பட்டு நின்றது. ராணி கண்ணை மூடிக்கொண்டாள். கால் மட்டும் நகரவில்லை.

கண்டக்டர் சந்திரன் பதறிப்போய் டிரைவரிடம் ஓடினான். “அண்ணா, எதுக்கு வம்பு? ரெண்டு நிமிஷம் கதவைத் திறந்துவிடலாம். உள்ளே இருக்கிற லேடீஸ் இறங்கிக்குவாங்க. இவங்களும் கலைஞ்சிடுவாங்க.”

“இங்க ஸ்டாப் இல்ல! ரூல்னா ரூல்தான்! போடு டிப்போவுக்கு போனை. பெரிய சாரே நேர்ல வரட்டும். அவர் வராம நான் வண்டியை எடுக்க மாட்டேன்!”

பின்னால் லாரியும் காரும் ஆட்டோவுமாக வரிசை நீண்டது. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. கம்பெனி செக்யூரிட்டி கேட்டைப் பாதி சாத்திவிட்டு மணியைப் பார்த்தார்.

“அக்கா, எட்டரைக்கு கேட்டை மூடிடுவாங்க. போயிடலாம் அக்கா. வேலை போயிடும்.” மனிஷாவின் கை வியர்த்து வழுக்கியது.

ராணி அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

முதலில் போலீஸ் வந்தது. கான்ஸ்டபிள் லத்தியைத் தட்டி, “எல்லாரும் சைடுக்குப் போங்க! இல்லேன்னா வேன்ல ஏத்துவேன்!” என்றார். யாரும் ஓரம் போகவில்லை. ஒன்பது மணிக்கு ஜீப்பில் டிப்போ அதிகாரி நஞ்சுண்டசாமி வந்து இறங்கினார்.

“கேஸ் போட்டா எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலையணும் தெரியுமா?” என்று கன்னடத்தில் கேட்டார்.

ராணியும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். “அலையறோம் சார். எங்களுக்குக் கால் இருக்கு.”

அவர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

அய்யாசாமி கீழே குதித்து வந்தார். “இதுங்களை விடாதீங்க சார்! திமிர் பிடிச்சதுங்க! நாளைக்கும் மறிப்பாங்களாம், நாளான்னிக்கும் மறிப்பாங்களாம். இந்த ரூட்டை என்னால ஓட்ட முடியாது. வேற ஆளைப் போடுங்க!”

“நாளைக்குமா?” நஞ்சுண்டசாமி ராணியைப் பார்த்தார்.

“தினமும் சார். ஸ்டாப் கிடைக்கிற வரைக்கும்.”

அவர் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். அதன் முடிவு தெரியவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஜீப்பின் பானெட் மேல் பேப்பரை வைத்து எழுதினார். திங்கட்கிழமை முதல் கம்பெனி கேட்டில் எல்லா பஸ்ஸும் நிற்கும். வேகத்தடைக்கும் நடைபாதைக்கும் அன்றைக்கே பரிந்துரை போகும். கீழே கையெழுத்து.

பெண்கள் வழிவிட்டார்கள். அய்யாசாமி அவர்களைப் பார்த்துக் கடைசியாக ஒரு தடவை திட்டிவிட்டு பஸ்ஸை எடுத்தார்.

சாயங்காலம் ராணி ஆஸ்பத்திரிக்குப் போனாள். செல்போனில் எடுத்த கடிதத்தின் படத்தைக் காட்டினாள். படுக்கையில் சாய்ந்திருந்த தாரணி அதை இரண்டு முறை படித்தாள்.

“நிஜமாவே நிப்பாட்டுவாங்களா அக்கா?”

“கையெழுத்துப் போட்டிருக்காருடி.”

வார்டு வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தது. அய்யாசாமி. கையில் ஒரு பை ஆரஞ்சு.

“வாங்க அண்ணா,” என்று தாரணி ஸ்டூலைக் காட்டினாள்.

அவர் உட்காரவில்லை. ராணியின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. “ரொம்பக் கேவலமா பேசிட்டேன் அம்மணி. மனசுல வெச்சுக்காதீங்க.”

“திட்டினது பரவாயில்ல. வண்டியை ஓரடி நகர்த்தினீங்க பாருங்க, எனக்கு உயிரே போச்சு.”

“என்ன பண்றது? தாரணியை அன்னிக்கு இறக்கிவிட்டுட்டு, லாரி அடிச்சதைக் கண்ணாடியில பார்த்தவன் நான். கேட்டுல நிறுத்தறேன்னு நாலு தடவை எழுதிக் கேட்டேன், மெமோதான் வந்துச்சு. இன்னிக்குக் கொஞ்சம் தணிஞ்சு பேசியிருந்தா, உங்க வீடு தேடி வந்து ‘என் பஸ்ஸை மறிங்க’ன்னு சொன்னதே நான்தான்னு பெரிய சார் அங்கேயே கண்டுபிடிச்சிருப்பார்!”