பத்தாம் நாள் தண்ணீர்

ஜெயசிங் மரணத்துக்கு அஞ்சாதவர். பாறசாலை சுற்றுவட்டாரத்தில் எந்தச் சபையில் அடக்கம் நடந்தாலும் கல்லறைத் தோட்டத்தில் நின்று அதைச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை மைக் வைத்தே சொன்னார்.

ஊசிக்குத்தான் அஞ்சுவார்.

வளர்த்த நாய் கைசர் கணுக்காலில் கடித்த அன்று டாக்டர் சொன்னது இரண்டு விஷயம். தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியை இன்றே தொடங்க வேண்டும். பத்து நாள் நாய் நலமாக இருந்தால் நிறுத்திவிடலாம்.

ஜெயசிங் இரண்டாவதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு கைசரின் நலம்தான் வீட்டின் ஒரே காரியம். கஞ்சியை மூக்கால் தள்ளியது. பொரித்த அயிலை மீன் வந்தது. அயிலையைத் தள்ளியது, மாட்டிறைச்சி வந்தது. வராந்தாவில் கிடந்த பிரம்பு நாற்காலியைப் பார்த்து உறுமியது, ஜெயசிங் எழுந்துகொண்டார்.

இன்று பத்தாவது நாள். காலையில் கைசர் நாற்காலியிலிருந்தபடியே தண்ணீர்ச் சட்டியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆறிப்போன காயம் ஜெயசிங்குக்கு மறுபடி எரிந்தது. வெறி பிடித்தால் தண்ணீர் ஆகாது. முதலில் நாய்க்கு, பிறகு கடிபட்டவனுக்கு. எச்சிலை விழுங்கிப் பார்த்தார். இறங்கியது. இன்னொருமுறை விழுங்கினார். கொஞ்சம் தடங்கியதுபோல் இருந்தது.

"எலே மக்கா, ஒரு மடக்கு குடி."

கைசர் அடுக்களைப் பக்கம் பார்த்தது.

"பாலும் சாயாவும் குடுத்துப் பழக்கினது நிங்க. இனி பச்சத்தண்ணி அதுக்கு இறங்குமா?" என்றாள் உள்ளிருந்து மனைவி லீலாபாய். "சாயா போட்டுக் கொண்டு வாறேன். அதுக்குள்ள தண்ணி குடிக்கல்லேண்ணா, ஆட்டோ விளிச்சு நிங்கள ஊசிக்குக் கொண்டுபோவேன் ஆக்கும்."

ஜெபத்துக்குக்கூட இப்போதெல்லாம் மூட்டுவலி என்று உட்கார்ந்தே இருப்பவர், கைசரின் முன்னால் மண்டியிட்டார். சட்டியை அதன் தாடைவரை தூக்கிக் காட்டினார். கெஞ்சினார். கைசர் கொட்டாவி விட்டது.

அடுக்களையில் டம்ளர் உரசும் சத்தம் கேட்டது.

லீலாபாய் வெளியே வந்தபோது சட்டியில் பாதிதான் இருந்தது.

"குடிச்சுதா?"

"பின்னே?" என்றார் ஜெயசிங், எழுந்து முழங்காலைத் தட்டியபடி.

கைசரின் வாய் உலர்ந்திருந்தது. தண்ணீர் சொட்டியது ஜெயசிங்கின் மீசையிலிருந்து.